கொசுவலைக்குள் வைத்த மாசிப் பொட்டலம்

ரெஜி,

உன் போனுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். எப்போது அழைத்தாலும், நீ எட்டாத இடத்தில் இருக்கிறாய் என்று முதலில் இந்தியிலும் பிறகு இங்கிலீஷிலும் சொல்கிறாள். மாணவர் படைக் கேம்ப் முடிகிற வரைக்கும் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்று நீ படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாய். தெரிந்தேதான் அழைக்கிறேன். ஏதோ ஒரு குரல் பதில் சொல்கிறதே என்று கொஞ்ச நேரம் ஆறுதலாக இருக்கிறது. ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். நீ வந்த பிறகு படித்தால் போதும். குவைத்தில் இருக்கிற உன் அம்மாவுக்கும் இதைப் படம் எடுத்து அனுப்பப் போகிறேன். உங்களைக் கேம்புக்குக் கூட்டிப்போன உன் கல்லூரி மேடமும் படிக்கட்டும். பிள்ளையை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிற எந்த அப்பனும் அம்மையும் படிக்கட்டும். எனக்கு இதில் மறைக்க ஒன்றும் இல்லை. நான் மறைத்து வைத்ததைத்தான் அங்கே கேம்பே பார்த்துவிட்டதே.

நீ கிளம்புவதற்கு முந்தின நாட்களில் இந்த வீடு வீடாகவா இருந்தது? கூடத்தில் காக்கிச் சட்டை, கட்டிலில் காக்கிப் பேண்ட், ஜன்னல் கம்பியில் பெல்ட். புதுத் தொப்பியைச் சுடுதண்ணீரில் முக்கிப் பிழிந்து, தலையில் போட்டு ஒரு பக்கமாக இழுத்துவிட்டு, காய்கிற வரைக்கும் கழற்றக் கூடாது என்று அப்படியே நின்று தோசை சுட்டாய். காதோரம் தண்ணீர் சொட்டச் சொட்ட, "சட்னி எங்கப்பா?" என்று நீ கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். அதற்கு அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். ஷூவுக்குப் பஞ்சை நனைத்து வட்டம் வட்டமாகப் பாலிஷ் போட்டு, "இதுல உங்க மூஞ்சி தெரியணும்ப்பா" என்று என் முன்னால் நீட்டினாய். தெரிந்தது. பார்க்கத்தான் சகிக்கவில்லை. கஞ்சி போடுவதில் நமக்குள் பெரிய சண்டை. நான் வடித்த கஞ்சியில் முக்கினால் போதும் என்றேன். நீ மரவள்ளி மாவு வாங்கிவரச் சொல்லிக் காய்ச்சினாய். கடல் காற்றில் எந்தக் கஞ்சியும் மறுநாளே தொய்ந்துவிடும் என்று நான் சொன்னதை நீ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. உன் சட்டை விறைப்பாகத்தான் நின்றது, ஒப்புக்கொள்கிறேன்.

மாடியில் நின்று நீ "சாவ்தான்!" என்று போட்ட சத்தத்துக்கு மில்லர்புரத்துக் காக்கை முழுக்க எழும்பிப் பறந்தது. பக்கத்து வீட்டு ஞானம் அண்ணாச்சி கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "ஏளா ரெஜி, யாரப் போட்டு இந்த ஏச்சு ஏசுத?"

"ஏசல மாமா, பரேடு."

"பரேடா? உங்கப்பனத்தான் ஏசுதியோன்னு நான் சந்தோசப்பட்டுட்டேன்லா."

இப்போது அவர் வாசலில் நின்று, "என்னய்யா, இன்னைக்கும் பரேடு இல்லையா?" என்று தினமும் கேட்கிறார். கேலிதான். ஆனால் அவருக்கும் சத்தம் இல்லாமல் போனது தெரிகிறது.

இந்தக் கேம்ப் உனக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து விடிவதற்குள் எழுந்து மைதானத்துக்கு ஓடினாயே, அது இதற்காகத்தான். நம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து போகிற பெண்களுக்கெல்லாம் உன்னைத்தான் தலைவியாகப் போட்டிருந்தார்கள். அங்கே பல மாநிலத்துப் பிள்ளைகளை வைத்துத் தலைமைப் பயிற்சி. அதில் யார் முன்னால் நிற்கிறார்கள், யார் மற்றவர்களை நடத்துகிறார்கள் என்று அதிகாரிகள் பார்ப்பார்கள், அங்கே நல்ல பெயர் எடுத்தால் ராணுவ அதிகாரி ஆவதற்கான தேர்வுக்குப் போகும்போது நெஞ்சை நிமிர்த்திப் போகலாம் என்று நீ எனக்கு விளக்கியபோது, உன் கண்ணில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகும் அந்தப் பொட்டலத்தை வைத்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் வேலையை நீ அறிவாய். வெளிக்கடலில் வந்து நிற்கிற கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவருகிற பைலட்டை, படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பல் ஏணியில் விட்டுவிட்டுத் திரும்பி வருவது. ஓய்வு பெறுகிற நாள் வரை அதைத்தான் செய்தேன். எத்தனையோ கப்பலின் வயிற்றைத் தொட்டிருக்கிறேன், ஒன்றில்கூட ஏறி எங்கும் போனதில்லை. ஆளை ஏற்றிவிட்டு வெறும் படகோடு திரும்புவது எனக்குப் பழகின காரியம் என்று தெனாவட்டாக இருந்தேன். அது சம்பளத்துக்குச் செய்த வேலை என்பதும், வீட்டில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது என்பதும், உன் அம்மா நர்ஸ் வேலைக்குக் குவைத் போன அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது நீ சின்னப் பிள்ளை. அவளுடைய பெட்டியை நான்தான் கட்டினேன். சேலை, மருந்து, ஜெபமாலை, ஊறுகாய் எல்லாம் வைத்து மூடின பிறகு, அவள் குளிக்கப் போன சமயத்தில் மறுபடியும் திறந்து, அடியில், துணிக்கும் துணிக்கும் நடுவில், நம் ஊர் முந்திரி மக்ரூன் டப்பா ஒன்றையும் உன்னுடைய ஒரு ஜோடி சாக்ஸையும் ஒளித்து வைத்தேன். அவளுக்குத் தெரியாது. அங்கே போய்ச் சேர்ந்து சில நாள் கழித்து அழைத்தாள். "பெட்டிக்கு அடியில என்ன வச்சீய நீங்க?" என்று கேட்டவள் அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். அறையில் கூட இருந்த இரண்டு கேரளத்துப் பெண்களும் சேர்ந்து அழுதார்களாம். அழுது முடித்து மூன்று பேரும் மக்ரூனைத் தின்றிருக்கிறார்கள். அதிலிருந்து அதுவே நம் வீட்டு வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறை அவள் லீவு முடிந்து கிளம்பும்போதும் அவளுக்குத் தெரியாமல் ஏதாவது ஒன்று வைப்பேன். எங்கேயோ ஒரு அறையில் பெட்டியைப் பிரிக்கிறபோது, வீட்டிலிருந்து ஒரு கை நீண்டு தொட்ட மாதிரி இருக்கும் என்று அவள் ஒருமுறை சொன்னாள். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் வருஷக்கணக்கில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன முறை அவள் வந்துபோனபோது நடந்தது உனக்குத் தெரியாது, பரீட்சைக்குப் போயிருந்தாய். பெட்டியை அவளே கட்டினாள். எடை கூடிவிடும், ஸ்கேனில் கேள்வி கேட்கிறார்கள், நீங்கள் சும்மா இருங்கள் என்று சொல்லிவிட்டாள். நான் சும்மா இருப்பேனா? அவள் பார்க்காத நேரத்தில் கொஞ்சம் மாசிக் கருவாட்டைச் சுற்றி உள்ளே தள்ளிவிட்டேன். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவளை விட்டுவிட்டு, பஸ்ஸில் ஆடி அசைந்து வீடு வந்து சேர்ந்து, தண்ணீர் குடிக்கலாம் என்று பிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே அந்தப் பொட்டலம். கண்டுபிடித்து எடுத்து, என்னிடம் ஒன்றும் சொல்லாமல், பாலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவள்மேல் தப்பே இல்லை. ஆனால் பிரிட்ஜ் கதவைத் திறந்தபடி நான் ரொம்ப நேரம் நின்றேன், ரெஜி. அதை அவளிடமும் சொல்லவில்லை.

பிறகு உன் முறை வந்தது. உன் பையில் எனக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் நீயே செய்தாய். தட்டு, டம்ளர், டார்ச், பூட்டு, ஊசி நூல், கொண்டை வலை என்று ஒவ்வொன்றையும் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினாய். நான் எடுத்துக்கொடுத்த துண்டைக்கூட, "இது கலர் துண்டுப்பா, வெள்ளைதான் வேணும்" என்று திருப்பித் தந்தாய். நாப்கின் வாங்கி வந்தது மட்டும் நான். கடைக்காரர் அதைப் பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, முடிச்சும் போட்டுத் தந்தார். கடத்தல் சாமான் மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன். நீ அந்தக் கறுப்புப் பையைக் கிழித்து எறிந்துவிட்டு, "இதுல ஒளிக்க என்னப்பா இருக்கு?" என்றாய். குவைத்திலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த உன் அம்மா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நீ கட்டின பயணப் பை எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது என்று பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. கூடவே, ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிற ஆளாகிவிட்டேனே என்றும் இருந்தது.

கிளம்புகிற அன்று மத்தியானம் நீ தலைக்குக் குளிக்கப் போனாய். படுக்கைச் சுருள் கூடத்தில் கிடந்தது. நான் வாரை அவிழ்த்து, கொசுவலையை எடுத்து, அதன் நடுவில் மாசிப் பொட்டலத்தை வைத்துச் சுருட்டி, பழையபடி கட்டினேன். நல்ல மாசி. சூரை மீனை அவித்துப் புகையில் போட்டு, வெயிலில் கட்டைபோல ஆகிற வரைக்கும் காயவைத்தது. உனக்கு அதைத் துருவிச் சம்பல் வைத்தால் சோறு எவ்வளவு இறங்கும் என்று எனக்குத் தெரியும். வாசனை வராமலிருக்க பிளாஸ்டிக்குக்கு மேல் பிளாஸ்டிக் சுற்றினேன். பிரிட்ஜில் திரும்பி வந்து உட்காராத இடமாகப் பார்த்து வைத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு வேறு.

ஆனால் ரயிலடியில் நடந்ததற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. நீ உன் குழுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கேம்ப் விதிகளை வாசித்தாய். கூடாரத்துக்குள் சாப்பாட்டுச் சாமான் எதுவும் கூடாது, எறும்பு வரும், எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும் என்றாய். பிறகு ஒவ்வொரு பையாகத் திறக்கச் சொன்னாய். சாத்தான்குளத்திலிருந்து வந்த அந்தச் சின்னப் பெண் செல்வியின் பையில் ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து இருந்தது.

"அக்கா, அம்மா நேத்துப் பூரா உக்காந்து செஞ்சாக்கா. ரயில்லயே தின்னு தீத்துருதோம்க்கா."

"மிச்சம் இருந்தா? ரூலுன்னா எல்லாருக்கும் ரூலுதான் செல்வி. குடு இங்கன."

வாங்கி என் கையில் தந்தாய். "அப்பா, இத அவங்க வீட்டுல எப்படியாவது சேத்துருங்க" என்றாய். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தது. நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் படுக்கைச் சுருள் என் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. குனிந்து வாரை அவிழ்த்து, "ஏளா, எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்று சொல்லியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், நீ தலையில் அடித்துக்கொண்டிருப்பாய், அத்தோடு போயிருக்கும். சொல்ல வாய் வரவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் உன் அதிகாரம் குறைந்துவிடுமே என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அதையும் எடுத்துவிட்டால் என்னுடையது என்று உன்னோடு ஒன்றும் போகாது. அதற்கு எனக்கு மனசு வரவில்லை. ரயில் நகரும்போது உன் நெற்றியில் சிலுவை போடக் கையைத் தூக்கினேன். தொப்பி நெற்றியை மறைத்துக்கொண்டிருந்தது. தொப்பிக்கு மேலேயே போட்டேன், கவனித்தாயோ என்னவோ.

மேடம் அழைத்தது நீங்கள் கேம்பில் இறங்கின மறுநாள் காலை. "அண்ணாச்சி, பதறாதீங்க, ரெஜி நல்லாருக்கா" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் யார்தான் பதறாமல் இருப்பார்கள்? சாமான் சோதனையில் எல்லோரும் கம்பளியை விரித்து, கொண்டுவந்ததை வரிசையாகப் பரப்பி வைத்தார்களாம். பெரிய அதிகாரி உன் முன்னால் வந்தபோது நீ கொசுவலையை உதறினாயாம். பொட்டலம் உருண்டு போய் அவருடைய ஷூவில் முட்டி நின்றதாம். ரயில் சூட்டில் வெந்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக்கையும் மீறி நாறியிருக்கிறது. இது யாருடையது என்று கேட்டிருக்கிறார். என்னுடையது சார் என்றாயாம். விதி தெரியுமா என்று கேட்டதற்கு, "தெரியும் சார், மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினதே நான்தான்" என்றாயாம். அந்த இடத்திலேயே உன்னைத் தலைமையிலிருந்து எடுத்துவிட்டு, வேறு கல்லூரிப் பெண் ஒருத்தியைப் போட்டிருக்கிறார்.

"அவ ஒங்க பேரையே எடுக்கல அண்ணாச்சி. அந்தப் பொட்டலத்தப் பாத்து அவ முழிச்ச முழியிலயே அவளுக்குத் தெரியாம வச்சதுன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. நாளைக்குக் காலையிலதான் தொடக்க விழா. அதுக்கு முந்தி நீங்க அந்த ஆபீசர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா அவரு கேப்பாரு. நம்பர் அனுப்புதேன். இருங்க, பிள்ள இங்கனதான் நிக்கா, பேசுங்க."

"அப்பா."

"மக்கா, சாப்பிட்டியாளா?"

"சாப்ட்டேன்."

"ஏளா, நான்தான் வச்சேன். அந்த ஆபீசர்ட்ட நான் பேசுதேன். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும்லா."

"வேண்டாம்ப்பா."

"ஏன் வேண்டாம்ங்குத?"

"வேண்டாம். நேரமாச்சு, வைக்கேன்."

நீ கத்தியிருந்தால் நான் பிழைத்துப்போயிருப்பேன். உன் குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. என்மேல் வரவேண்டிய ஆத்திரம், முதலில் உன்மேல் வந்தது, பிறகு அந்த அதிகாரிமேல், பிறகு மாசிமேல். உன் அம்மாவை அழைத்தேன், அவள் டூட்டியில் இருந்தாள். மேடம் அனுப்பின நம்பரைப் பார்த்துக்கொண்டே கூடத்தில் நடந்தேன். மேசைமேல் செல்வியின் முந்திரிக்கொத்து டப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி, அங்கே மாறி, வெயில் கொளுத்துகிற நேரத்தில் சாத்தான்குளத்தில் போய் இறங்கினேன்.

செல்வியின் அம்மா பெயர் கனி. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். நான் யார் என்று சொல்லி டப்பாவை நீட்டினதும் மெஷினை நிறுத்தினார்.

"இதக் குடுக்கவா இந்த வெயில்ல வந்திய? தின்னுருக்கலாம்லா அண்ணாச்சி."

உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும், யாரிடமாவது சொல்லியே தீரவேண்டும் என்றிருந்ததால், எல்லாவற்றையும் கொட்டினேன். கொசுவலை வரைக்கும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், பொட்டலம் உருண்டு ஷூவில் முட்டினது என்றதும் சிரிக்க ஆரம்பித்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எம்மவகிட்ட முந்திரிக்கொத்தப் புடுங்கிட்டு, அங்கன கருவாட்டோட போயிருக்கா பாருங்களேன்!" எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. நானும் சிரித்தேன். நீ போனபிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நம்பரைக் காட்டி, பேசட்டுமா என்று கேட்டேன். அவர் சிரிப்பு நின்றது.

"ரயில்ல இருந்து எம்மவ போன் பண்ணுனா. அக்கா சொன்னது சரிதாம்மா, ஆனா அழுகையா வருதுன்னா. இப்ப நீங்க பேசி, ஒங்க மவளத் திரும்பப் போட்டுட்டாவன்னு வையுங்க. எம்மவ என்ன நெனப்பா? எங்களுக்கு ரூலு, அவளுக்கு அப்பான்னு நெனப்பாளா மாட்டாளா?"

நீ ஏன் "வேண்டாம்" என்றாய் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. அதை நீ போனில் விளக்கவில்லை. விளக்கினால் நான் குன்றிப்போவேன் என்று நினைத்தாயோ, இல்லை செல்வி பக்கத்தில் நின்றாளோ. என் மகள் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பஸ் தேவைப்பட்டிருக்கிறது.

கனி டப்பாவைத் திறந்து இரண்டு முந்திரிக்கொத்தை என் கையில் வைத்தார். எதிர்க்கடையிலிருந்து கடுங்காப்பி வாங்கி வந்தார்.

"வீட்டுல தனியாவா இருக்கிய?"

"ஆமா."

"நானும்தான்."

தின்று முடித்து நான் எழுந்தபோது, "ஒண்ணு சொல்லுதேன் தப்பா எடுக்காதிய. ஒங்க மவ நல்ல பிள்ளதான், ஆனா சிடுசிடுன்னு இருக்கா. டப்பாவ வாங்கும்போது ஒரு வார்த்த ஆறுதலாச் சொல்லிருக்கலாம்" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. விதியைத் தளர்த்தவேண்டாம். ஆனால் பறிக்கிற கை கொஞ்சம் மெதுவாகப் பறிக்கலாம். அதிகாரியாகும்போது எத்தனையோ பேருடைய பையை நீ திறக்கவேண்டி வரும். ஒவ்வொரு பைக்குள்ளும் வீட்டிலிருந்து யாராவது ஒருத்தர் கையை விட்டிருப்பார்கள். உன் பைக்குள்ளேயே இருந்ததே.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மேடத்தை அழைத்து, நான் பேசப்போவதில்லை என்றேன். "சரி அண்ணாச்சி. அவளும் அதத்தான் வேண்டிக்கிட்டிருந்தா" என்றார். அந்த மாசியை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "அதத்தான் இப்பக் கேக்கணுமா நீங்க?" என்று வைத்துவிட்டார்.

உன் இடம் போனது என்னால்தான். நீ இரண்டு வருஷம் ஓடிச் சேர்த்ததை ஒரு துண்டுக் கருவாடு கெடுத்துவிட்டது. நாளைக்கு அந்தத் தேர்வில் யாராவது கேட்டால், கேம்பில் தலைமையிலிருந்து உன்னை ஏன் எடுத்தார்கள் என்று கேட்டால், அப்போதாவது என் பெயரைச் சொல்லு. சொல்லமாட்டாய் என்று தெரியும். இப்போது நீ ஏதோ ஒரு வரிசையில், யாரோ ஒரு பெண்ணின் சத்தத்துக்குக் கால் மாற்றி நடந்துகொண்டிருப்பாய். அந்தப் பெண்ணோடு மல்லுக்கு நிற்காதே. அவள் உன் இடத்தைப் பறிக்கவில்லை. செல்வியிடம் போய் உட்காரு. அவள் சிரித்தால் சிரிக்கவிடு. அவளுக்குச் சிரிக்க உரிமை இருக்கிறது.

உன் அம்மாவிடம் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள், "பிரிட்ஜுல நான் வச்சிட்டுப் போனத நீங்க மறக்கலயா?" என்று மட்டும் கேட்டாள். மறக்கவில்லை என்றேன். "எடுக்கும்போது எனக்கும் கை வரலங்க" என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அப்படியொரு பேச்சை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அதற்கும் உன் கொசுவலைதான் காரணம்.

எனக்குத் தெரிந்த அன்பெல்லாம் பெட்டி கட்டுகிற அன்புதான், ரெஜி. போகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல், எனக்கு என்ன வைக்கவேண்டுமோ அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகக் கட்டத் தெரிந்துவிட்டது. நல்லதுதான், நான் ஆசைப்பட்டதும் அதுதான். வீடு மட்டும் ரொம்பப் பெரிதாக இருக்கிறது. உன் அறைக் கதவைத் திறந்தால் ஷூ பாலிஷ் வாசம் இன்னும் அடிக்கிறது. நான் அதை மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறேன். தனியாக இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அதைத்தான் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொசுவலைக்குள் வைத்தேன் என்று நினைக்கிறேன். இப்போது வாயாலேயே சொல்லிவிட்டேன், தனியாக இருக்கிறேன். இதற்காக நீ எதையும் விட்டுவிட்டு வரவேண்டாம். தேர்வு எழுது. அதிகாரியாகு. நம் ஊர் ரயில் போகாத இடத்துக்குப் போ. இனி உன் பையை நான் தொடமாட்டேன், இது சத்தியம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேம்ப் முடிந்து வரும்போது பையைக் கூடத்தில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துத் தூங்கு. நீ பிரிக்காதே. வியர்வைக் காக்கியும் சேறுபட்ட சாக்ஸும் அழுக்குக் கொசுவலையும் அப்படியே இருக்கட்டும். கட்டுவது உன் வேலை, அதில் நான் தலையிடவில்லை. பிரித்துத் துவைக்கிற வேலையை மட்டும் எனக்குக் கொடு.

அப்பா